சிப்பியும் சுண்ணாம்பும்

தித்திப்பில்லாத திராட்சை மது என்றால் நம்மவர்களுக்குச் சற்று வேடிக்கையாகத்தான் இருக்கும். திராட்சை என்றாலே பாயசத்தில் மிதப்பது என்று எண்ணுகிறவர்கள் நாம். ஆனால் பிரான்ஸில், பர்கண்டிப் பிரதேசத்தின் வடகோடியிலுள்ள ஷாப்லியில் ஷார்தொனே திராட்சையிலிருந்து வடிக்கும் வெள்ளை மது அந்த ஜாதிதான். சாற்றில் லிட்டருக்குச் சுமார் 200 கிராம் இருந்த சர்க்கரையை ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் ஏறக்குறைய முழுவதும் தின்று தீர்த்துவிடுகிறது.

பிரான்ஸிலிருந்து வந்த சிநேகிதர் ஒருவர் சென்ற கோடையில் மேற்குத் தாம்பரத்தில் நமக்காக ஒரு புட்டி திறந்தார். வைக்கோல் நிறம், ஓரத்தில் இலேசான பச்சை. எலுமிச்சைத் தோலின் வாசனை. நாக்கில் வைத்ததும் கூரிய புளிப்பு. மிடறு இறங்கிய பிறகு நனைந்த சிலேட்டின் ருசி. பாலியத்தில் எச்சில் தொட்டுச் சிலேட்டை அழித்தவர்களுக்கு இது விளங்கும். நல்ல சரக்குதான். முதலில் குளிர்ச்சி மிகுதியால் வாசனை அடங்கியிருந்தது; கால் மணி நேரத்தில் மலர்ந்தது.

அந்தச் சிலேட்டு ருசியைத்தான் சிநேகிதர் கொண்டாடினார். ஷாப்லியின் நிலம் சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலாயிருந்தது. சின்னஞ்சிறு சிப்பிகள் கல்லாய்ச் சமைந்த சுண்ணாம்பு மண் அது. அந்தச் சுண்ணாம்பே கிண்ணத்தில் பேசுகிறது என்பது அவர் கட்சி. மண்ணின் ருசி வேர் வழியே அப்படியே மதுவில் ஏறிவிடாது என்று விஞ்ஞானிகள் சொல்வதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை வண்டலூர்ப் பக்கத்திலிருந்து பதநீர் வந்தது. ஒரு வாய் குடித்த அதே மனிதர், "சே, சுண்ணாம்பு வாடை!" என்று ஓலைப்பட்டையைக் கீழே வைத்துவிட்டார். நமக்குப் பொறுக்கவில்லை. இதிலாவது சுண்ணாம்பு மெய்யாகவே இருக்கிறதே!

பதநீரையும் அதே சிரத்தையோடு பரீட்சிக்கலாம். நுரை அதிகம் பொங்கினால் புளிக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். தித்திப்பு வந்த வேகத்தில் விலக வேண்டும். நாக்கில் ஒட்டிக்கொண்டு கடைசியில் கசந்தால் சாக்கரின் கலந்திருக்கிறார்கள். சுண்ணாம்பு மிஞ்சினால் தொண்டை கரகரக்கும். குறைந்தால் வெயில் ஏறுவதற்குள் புளித்துவிடும். ஷாப்லியில் சர்க்கரையைத் தின்ன விடுகிறார்கள். இங்கே கலயத்தின் உட்புறம் தடவிய சுண்ணாம்பு அந்த வேலையைத் தடுத்து நிறுத்துகிறது. அளவு பனையேறியின் கைக்குத்தான் தெரியும். தடவாத கலயத்தில் இறங்குவது கள். தமிழ்நாட்டில் 1987 முதல் அதற்குத் தடை.

அன்று வந்தது சரியான பதம். கொண்டுவந்தவருக்கு வயது அறுபதுக்கு மேல் இருக்கும். பிள்ளைகள் யாரும் மரம் ஏறுவதில்லையாம். "அடுத்த வருஷமும் வருவீர்களா?" என்று கேட்டோம்.

"முட்டி ஒத்துக்கிட்டா வரேனுங்க" என்றார்.

சிநேகிதர் மிச்சம் வைத்த பட்டையையும் நாமே குடித்தோம்.