நான் கொடுத்த களிம்பு

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மழை விடாது பெய்துகொண்டிருந்த ஒரு மாலை வேளையில், எங்கள் கடற்கரைப் பங்கைச் சேர்ந்த முதிய தாய் ஒருவர் பங்கு இல்லத்துத் திண்ணையில் வந்து நின்றார். கையிலிருந்த குடை காற்றில் மடங்கிப்போயிருந்தது. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "சாமி, பேத்திக்குக் கரப்பான் போட்டிருக்கு. ராத்திரி முழுக்க அழுகை. ஒரு செபம் சொல்லித் தாங்க" என்றார்.

அந்தக் குடும்பத்தை நான் நன்கறிவேன். மகன் வளைகுடா நாடொன்றில் மீன்பிடிப் படகில் வேலை செய்கிறான். மருமகளுக்குத் தாய் இல்லை. ஆகையால் தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடவாமல் மாமியார் வீட்டிலேயே நடந்தது. குழந்தைக்கு அப்போது இரண்டரை மாதம். துணி கட்டும் இடமெல்லாம் சிவந்து தடித்து, தொட்டாலே குழந்தை வீரிட்டு அழுகிறது என்றார் அந்தத் தாய்.

செபம் சொன்னேன். அத்துடன் நான் நின்றிருக்க வேண்டும். ஆனால் ஒருவர் துன்பத்தைச் சொல்லி நிற்கும்போது அவரை வெறுங்கையோடு அனுப்ப மனம் வருவதில்லை. அவ்வாண்டுக் கோடையில், அங்கியின் வியர்வையால் என் இடுப்பில் அரிப்புக் கண்டபோது மருந்துக்கடையில் வாங்கிய களிம்பு பாதி டியூப் அலமாரியில் இருந்தது. அதை எடுத்துக் கொடுத்து, "இதைத் தடவிப் பாருங்கள் அம்மா. எனக்கு மூன்றே நாளில் குணமாயிற்று" என்றேன். அவரும் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

நான்கு நாட்களுக்குப் பின் திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது அவர் முகமெல்லாம் மலர்ந்திருந்தது. சிவப்பு மறைந்துவிட்டதாம். "சாமி கை ராசி" என்று அருகிலிருந்தவர்களிடமும் சொன்னார். எனக்கும் உள்ளூர மகிழ்ச்சிதான். அதை மறைக்க விரும்பவில்லை.

நான் அறியாமற்போனது, அதன்பின் நடந்தது. களிம்பை நிறுத்தியவுடன் புண் முன்னிலும் கடுமையாகத் திரும்பியது. மீண்டும் தடவினார்கள், அடங்கியது. நிறுத்தினார்கள், மீண்டும் வந்தது. டியூப் தீர்ந்தவுடன் அந்த வெற்று டியூப்பையே கடையில் காட்டிப் புதிது வாங்கினார்கள். மருத்துவர் சீட்டு எங்கே என்று எவரும் கேட்கவில்லை. இவ்வாறு ஏறத்தாழ இரண்டு மாதங்கள் கடந்தன.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்குத் தகப்பன் வந்ததும் குழந்தைக்கு ஞானஸ்நானம் வைத்தார்கள். தலையில் தண்ணீர் ஊற்றியபோது, அந்த முகம் முழுநிலவுபோல் உருண்டு கன்னங்கள் உப்பியிருப்பதைப் பார்த்தேன். "பிள்ளை நன்றாகத் தேறியிருக்கிறாளே!" என்று மகிழ்ச்சியோடு சொன்னேன். சுற்றியிருந்தோர் அனைவரும் சிரித்தார்கள். அது தேறுதல் அன்று, நோய் என்பதை அவ்விடத்தில் எவரும் அறியோம்.

தை மாதத்தில் குழந்தை சோர்ந்து பால் குடிக்க மறுத்ததால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றார்கள். குழந்தை நல மருத்துவர் உப்பிய முகத்தைப் பார்த்தார். இடுப்புப் புண்ணைப் பார்த்தார். பிறகு, "என்ன தடவுகிறீர்கள்?" என்று கேட்டார். டியூப்பைக் கண்டவுடன் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அது வீரியம் மிகுந்த ஸ்டீராய்டு மருந்தும், பூஞ்சைக்கொல்லி மருந்தும், கிருமிக்கொல்லி மருந்தும் கலந்த களிம்பு. குழந்தையின் தோல் மெல்லியது. அதன்மீது ஈரத்துணியோ டயாப்பரோ இறுகக் கட்டியிருந்தால், தடவும் மருந்து மேலும் மிகுதியாக உடலுக்குள் இறங்கும். அவ்வாறு இறங்கிய ஸ்டீராய்டு முகத்தை உப்பச் செய்கிறது. சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள சுரப்பிகள் தம் வேலையை மறந்துவிடவும் செய்கிறது. அந்நிலையில் மருந்தைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகத்தான் மீட்க வேண்டும். இத்தகைய ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றைச் சீட்டின்றி விற்கலாகாது என்று மத்திய அரசு 2018-ஆம் ஆண்டிலேயே விதித்திருந்தும், கடையிலும் சரி, என் அலமாரியிலும் சரி, அந்த விதி காவல் நிற்கவில்லை.

கடவுள் கிருபையால் சில மாதங்களில் குழந்தை முழு நலம் பெற்றாள். இன்று ஆலய முற்றத்தில் புறாக்களைத் துரத்தி ஓடுகிறாள். ஆயினும் அந்தத் தை மாதம் செய்தி கேட்டபோது எனக்கு உறக்கம் வரவில்லை. மறுநாள் காலையில் அவர்கள் வீட்டிற்குச் சென்று, "தவறு என்னுடையது. என்னை மன்னிக்க வேண்டும்" என்றேன். மூதாட்டி ஒன்றும் பேசாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தையை மடியில் வைத்திருந்த அந்த இளந்தாய்தான் மெல்லப் பேசினாள்.

"சாமி, நீங்க குடுத்ததைத் தடவுனேன். கடையில குடுத்ததையும் தடவுனேன். அத்தை சொன்னதுக்காக மீனும் கத்தரிக்காயும் தொடாம இருந்தேன். ஆனா பிள்ளைக்கு மாத்தக் காய்ஞ்ச துணி இருக்கா, மாத்த ஆள் இருக்கான்னு ஒருத்தரும் எங்கிட்டக் கேக்கல."

அப்போதுதான் அந்த வீட்டின் நிலை எனக்குத் தெரிந்தது. இருந்தவை பதினைந்து துணிகள். மழையில் அவற்றுள் பாதி காயவே காயா. இரவில் ஈரத்துணியின்மேல் பிளாஸ்டிக் உறையைக் கட்டிப் படுக்க வைத்தாள். கையில் பணம் இருக்கும் நாட்களில் டயாப்பர் வாங்கினாள். ஆனால் விலையை எண்ணி, இரவில் போட்டதை மறுநாள் நண்பகல்வரை கழற்றவில்லை. புண்ணுக்குக் காரணம் குழந்தையின் இரத்தத்திலும் இல்லை, தாயின் பாலிலும் இல்லை. அது அந்த ஈரத்தில் இருந்தது.

இதனை மருத்துவர் எனக்கு விளக்கியவாறே வாசகர்களுக்கும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். நாள் முழுதும் ஈர வலையை இழுத்தவரின் உள்ளங்கை எவ்வாறு வெளுத்து ஊறி, சிறு உராய்விலும் உரிந்துவிடுகிறதோ, அவ்வாறே ஈரத்தில் ஊறிய குழந்தையின் தோலும் ஆகிறது. சிறுநீரில் உண்டாகும் அம்மோனியாவே புண்ணுக்கு நேரான காரணம் என்று 1921-ஆம் ஆண்டு முதல் பல காலம் நம்பிவந்தார்கள். 1977-இல் வெளியான ஓர் ஆய்வில், புண் உள்ள குழந்தைகளிடமும் இல்லாத குழந்தைகளிடமும் அம்மோனியாவின் அளவில் வேறுபாடு காணப்படவில்லை. மலமும் சிறுநீரும் ஒன்றாகத் தங்குவதே பெருங்கேடு என்பது பின்னர் தெளிவாயிற்று. மலத்திலுள்ள கிருமிகள் சிறுநீரிலிருந்து அம்மோனியாவை உண்டாக்கித் தோலின் இயல்பான புளிப்புத் தன்மையைக் கெடுக்கின்றன. அது கெட்டவுடன், மலத்திலுள்ள செரிமானப் பொருள்கள் ஊக்கம் பெற்றுத் தோலையே அரிக்கத் தொடங்குகின்றன. வயிற்றுப்போக்கின்போது இப்புண் விரைந்து வருவதன் காரணமும் இதுவே.

ஆகவே முதல் மருந்து, காலந்தாழ்த்தாமல் துணி மாற்றுவதாகும். குழந்தை மலம் கழித்தால் உடனே மாற்ற வேண்டும். மற்ற வேளைகளில் இரண்டு மூன்று மணிக்கொரு முறை பார்த்து மாற்ற வேண்டும். இரண்டாவது, வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சாலோ மென்துணியாலோ துடைத்து, தேய்க்காமல் ஒற்றி உலர்த்துவது. பெண் குழந்தையாயின் முன்னிருந்து பின்னாகவே துடைக்க வேண்டும். மணம் வீசும் சோப்பும், வாசனையூட்டிய ஈரத்தாளும் புண்பட்ட தோலுக்கு எரிச்சலே தரும். மூன்றாவது, காற்று. நாளொன்றுக்குப் பலமுறை, பத்துப் பதினைந்து நிமிடம், குழந்தையைத் துணியின்றிக் கிடத்தி வைத்தால் போதும். நம் பாட்டிமார் பழைய சேலையில் தூளி கட்டி, இடுப்பில் ஒன்றும் கட்டாமல் குழந்தையைக் கிடத்தியதில் எத்துணை அறிவு இருந்தது!

நான்காவதாக, தோலுக்கும் ஈரத்துக்கும் இடையே ஒரு வேலி வேண்டும். துத்தநாக ஆக்சைடு கலந்த களிம்பையோ, வெறும் பெட்ரோலியம் ஜெல்லியையோ, ஒவ்வொரு முறை மாற்றும்போதும் தாராளமாகப் பூசலாம். அடுத்த முறை அழுக்கான மேற்பூச்சை மட்டும் துடைத்தால் போதும். அடியிலுள்ளதைச் சுரண்டித் தோலை நோகச் செய்ய வேண்டியதில்லை. துணிகளை நன்றாக அலசி, சோப்பு சிறிதும் தங்காமல் பிழிந்து, வெயிலில் காயவிட வேண்டும். வெயில் இல்லாத நாளில் இஸ்திரிப் பெட்டியால் உலர்த்தலாம். துணிக்குமேல் பிளாஸ்டிக் உறை கூடாது. டயாப்பர் போடுவது பாவம் என்று சொல்லும் மாமியார்களுக்கு ஒரு வார்த்தை: ஈரத்தை உறிஞ்சிக் கட்டிவைக்கும் இக்கால டயாப்பர், நனைந்த துணியைக் காட்டிலும் தோலை உலர்வாகவே வைக்கிறது. நேரத்தில் மாற்றாமல் விடுவதுதான் குற்றம்.

பவுடர் வேண்டாம். அதன் தூள் குழந்தையின் மூச்சுக்குழலில் இறங்கக்கூடும். 1972-இல் பிரான்சு நாட்டில், ஹெக்ஸாகுளோரோஃபீன் என்னும் கிருமிக்கொல்லி தவறுதலாக மிகுதியாகக் கலந்துவிட்ட குழந்தைப் பவுடரால் 36 குழந்தைகள் மாண்டன என்பது வரலாறு. முற்காலத்தில் வீடுதோறும் இருந்த போரிக் பவுடரும் குழந்தைகளுக்கு நஞ்சாக முடிந்ததுண்டு. தோலின்மேல் தூவுவதுதானே என்று எண்ணலாகாது. புண்பட்ட தோல் திறந்த கதவு.

இவற்றைச் செய்தால் சாதாரணப் புண் இரண்டு மூன்று நாட்களில் அடங்கத் தொடங்கும். அடங்காவிட்டாலும், தொடை மடிப்புகளுக்குள் அடர்சிவப்பாகப் பரவி அதைச் சுற்றிலும் சிறுசிறு சிவப்புப் புள்ளிகள் தோன்றினாலும், அது பூஞ்சைத் தொற்றாக இருக்கக்கூடும். அதற்குத் தனி மருந்து உண்டு. அதை மருத்துவரே தர வேண்டும். கொப்புளம், சீழ், இரத்தக் கசிவு, காய்ச்சல் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும், குழந்தை பால் குடிக்க மறுத்தாலும், ஒரு நாளும் தாமதிக்கலாகாது. பிறந்து ஆறு வாரம் ஆகாத பச்சிளங்குழந்தைக்குப் புண் வந்தால் தொடக்கத்திலேயே மருத்துவரிடம் காட்டிவிடுவது நன்று.

இவ்வளவும் அறிந்தபின், அடுத்த ஞாயிறு மறையுரையின் முடிவில் நடந்ததை மறைக்காமல் மக்களுக்குச் சொன்னேன். வீட்டுப் பெயரைச் சொல்லவில்லை. என் பிழையை மட்டும் சொன்னேன். அன்று மாலையே சில பெண்கள் வந்து, மழைக்காலத்தில் பங்கு மண்டபத்தைத் திறந்துவிட முடியுமா என்று கேட்டார்கள். அடுத்த ஐப்பசியில் மண்டபத்தின் இரு தூண்களுக்கிடையே கயிறு கட்டி, மின்விசிறியைச் சுழலவிட்டு, கைக்குழந்தைகள் உள்ள வீடுகளின் துணிகளை அங்கே உலர்த்தினோம். விழா நாளில் தோரணம் ஆடும் இடத்தில் சின்னஞ்சிறு வெள்ளைத் துணிகள் வரிசையாக ஆடின. அந்த மூதாட்டியே மாலைதோறும் வந்து அவற்றை மடித்து வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். மருமகளுக்குப் பத்தியம் போட்ட அதே கைகள், இரவு இரண்டு மணிக்கு எழுந்து பேத்திக்குத் துணி மாற்றவும் பழகிக்கொண்டன.

பெற்றோரே, உற்றாரே, உங்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். குழந்தைக்குப் புண் கண்டவுடன், தாய் கவனிக்கவில்லை என்றோ, எதைத் தின்றாளோ என்றோ பேசாதீர்கள். உங்களுக்குக் குணம் தந்த மருந்தை அடுத்த வீட்டுக் குழந்தைக்கு நீட்டாதீர்கள். அன்பினால் கொடுத்தேன் என்பது உண்மையாயினும், அந்த அன்பு மருந்தின் தன்மையை மாற்றிவிடுவதில்லை. இதை ஒரு குழந்தையின் உப்பிய முகத்தைப் பார்த்து நான் கற்றேன்.

இப்போதும் கைக்குழந்தை உள்ள வீட்டிற்குச் செல்கிறேன். செபம் சொல்கிறேன், ஆசீர்வதிக்கிறேன். விடைபெறுவதற்கு முன் தாயிடம் ஒரு கேள்வி கேட்கத் தவறுவதில்லை: "துணியெல்லாம் காய்கிறதா அம்மா? இரவில் மாற்றிவிட யார் இருக்கிறார்கள்?"