இரண்டாவது ரிமோட்

யாங்கோன் மத்திய ரயில் நிலையத்தின் அடுக்குக் கூரைகளை அண்ணாந்து பார்த்தபடி தம்பி சொன்னான்: "அக்கா, மரியோ கடைசியில போய்ச் சேருமே, அந்தக் கோட்டை மாதிரியே இருக்கு." அவனுக்கு அப்போது வயது முப்பத்து நான்கு. இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன்.

அது 2019. அப்பா பிறந்த பேட்டையைப் பார்க்கத்தான் போயிருந்தோம். மிங்கலா தாங்ஞுன்ட் என்பது அதன் பெயர். தெற்கே இந்த ரயில் நிலையம், வடக்கே கண்டவ்ஜி ஏரி, நடுவில் கடைவீதிகளும் அடுக்குமாடிகளும். நிலையம் 1877-இல் கட்டியது. உலகப் போரில் சிதைந்து, பர்மியப் பாணியில் மீண்டும் எழுந்து 1954-இல் திறக்கப்பட்டது. புது நிலையத்தின் சுண்ணாம்பு வாசனையோடுதான் தன் சிறுவயது தொடங்கியதாக அப்பா சொல்வார்.

அந்தச் சிறுவயது 1964-இல் முடிந்துபோனது. அரசாங்கம் கடைகளை நாட்டுடைமையாக்கியதில் தாத்தாவின் மளிகைக் கடையும் போனது. அந்த மே மாதம் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்ததில் கையிருப்பும் போனது. கப்பலேறி மெட்ராஸ் வந்தார்கள். கல்யாணமாகியிருந்த அத்தை மட்டும் அங்கேயே தங்கிவிட்டார்.

பர்மாவிலிருந்து வந்தவர்களுக்காக 1969-இல் பாரிமுனை அருகே பர்மா பஜார் உருவானது. பின்னாளில் அப்பாவும் அங்கே ஒரு கடைக்காரர் ஆனார். டேப் ரெக்கார்டர், கால்குலேட்டர், சென்ட் பாட்டில் என்று எல்லாமே 'ஃபாரின் சாமான்'. சிங்கப்பூரிலிருந்து வந்திருக்கும், ஹாங்காங்கிலிருந்து வந்திருக்கும். பர்மாவிலிருந்து வந்ததாக அந்தக் கடையில் இருந்தது அப்பா ஒருவர்தான்.

1994 தீபாவளிக்கு அவர் ஒரு டி.வி. கேம் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஜப்பானில் 1983-இல் வந்த நின்டெண்டோ 'ஃபேமிலி கம்ப்யூட்டர்' பெட்டியின் நகல் அது என்பதெல்லாம் வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டது. கேசட்டை உருவி, அடியில் ஊதி, திரும்பச் செருகினால்தான் படம் வரும். இரண்டு ரிமோட். இரண்டாவதில் ஸ்டார்ட் பொத்தான் கிடையாது. முதல் ரிமோட் என்னிடம் இருந்ததால், ஆட்டம் எப்போது தொடங்கும், எப்போது நிற்கும் என்பதெல்லாம் என் கையில்தான்.

ஞாயிறு காலை தூர்தர்ஷனில் மௌக்லி. ஜப்பானில் வரைந்து, இந்தியில் பேசி, மண்ணடியில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்த காட்டுப்பிள்ளை. ஒரு வார்த்தை புரியாது. கதையைத் தம்பியே தமிழில் கட்டிச் சொல்வான். கரடி பேசுவதெல்லாம் எங்கள் பெரியப்பா குரலில் இருக்கும். அது முடிந்ததும் கோன்ட்ரா. துப்பாக்கியோடு காட்டுக்குள் ஓடும் இருவர். ஒருவருக்கு உயிர் தீர்ந்தால் மற்றவரின் கையிருப்பிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். தம்பி கேட்காமலே எடுப்பான். மூன்றாம் கட்டத்தில் அருவி. பாறைகளில் தாவித் தாவி மேலே ஏற வேண்டும். முன்னால் போகிறவர் அவசரப்பட்டால் திரை அவரோடு மேலே நகர்ந்துவிடும். கீழே தங்கியவர் செத்துப்போவார். தம்பியை அங்கே எத்தனை முறை கொன்றேனோ, கணக்கில்லை.

இந்தக் கதையையெல்லாம் கண்டவ்ஜிக் கரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். எதிரே தண்ணீரில் தங்கப் பறவை உருவில் கரவேக் மண்டபம். 1970-களின் தொடக்கத்தில் கட்டியது, அப்பா பார்த்ததில்லை. அவர் வாயில் அடிக்கடி வந்தவை ஏரியும், பக்கத்தில் 1906-இல் திறந்த மிருகக்காட்சி சாலையும்தான். அவர் கிளம்பும்போது இந்த ஊரில் டி.வி.யே இல்லை; 1980-இல்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வீர்கள் என்று ஒருமுறை கேட்டதற்கு, "அக்கா யானை பாக்கக் கூட்டிட்டுப் போவா" என்றார்.

அந்த அக்காவின் மகன் வீடு பான்யார் தாலா சாலைக்குப் பக்கத்துச் சந்தில், நான்காவது மாடியில். அத்தை இறந்து அப்போதே இருபது வருடமாகியிருந்தது. எங்களைவிடப் பத்து வயது மூத்த அத்தான், பர்மிய இழுவை கலந்த தமிழில், "வாங்க மாப்ளே" என்று தம்பியைக் கட்டிக்கொண்டார். அத்தோ பிசைந்து வந்தது. சென்னையில் நாம் அத்தோ என்று தள்ளுவண்டியில் தின்பது இங்கே 'அத்தோக்'. பிசைந்தது என்று பொருள்.

சின்ன வயதில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். சாயங்காலம் மட்டும் வரும் அரசாங்கச் சேனல், காசு கொடுத்துத் தரையில் உட்கார்ந்து பார்த்த வீடியோக் கொட்டகை. "அப்புறம் கேம் கடை, மணிக்கு இவ்வளவுன்னு." சொல்லிக்கொண்டே கட்டைவிரலைக் காற்றில் அசைத்தார். "அப்போ, அப்போ, அவுக், அவுக், பே, ஞா, பே, ஞா."

மேலே, மேலே, கீழே, கீழே, இடம், வலம், இடம், வலம். தம்பி துள்ளி எழுந்து "பி, ஏ!" என்று முடித்தான். முப்பது உயிர் தரும் கோன்ட்ரா ரகசியம். கசுஹிசா ஹஷிமோடோ என்ற ஜப்பானியர், தான் வேலை செய்த கிராடியஸ் ஆட்டத்தைத் தன்னாலேயே ஜெயிக்க முடியாமல் 1986-இல் அதற்குள் ஒளித்துவைத்த குறுக்குவழி அது. பிறகு கோன்ட்ராவுக்கும் வந்தது. அத்தானும் நாங்களும், ஒருவரை ஒருவர் பார்த்தேயிராமல், கடிதம்கூட ஒழுங்காகப் போய்வராத இரண்டு ஊர்களில், ஒரே வரிசையை மனப்பாடம் செய்திருக்கிறோம்.

மறுநாள் அத்தான் எங்களை யுஸானா பிளாசாவுக்கு அழைத்துப்போனார். துணிக்கடைகளைத் தாண்டி ஒரு மூலையில், நானூறு ஆட்டம் அடங்கிய சீனக் கைப்பெட்டி கிடைத்தது. டி.வி.யில் மாட்டலாம், கூடவே இரண்டாவது ரிமோட். வாங்கிவந்து அத்தான் வீட்டில் மாட்டினோம். முதல் ஆட்டம் அவருக்கும் தம்பிக்கும். முதல் ரிமோட்டாக இருந்த கைப்பெட்டியை அத்தான் தம்பியிடம் நீட்டினார். எனக்குத் தோன்றாமல் போன காரியம். அருவி வந்தது. தம்பி சரசரவென்று ஏறி, பாதியில் நின்றான். "அத்தான், வாங்க. நிக்கிறேன்." அவர் வழுக்கி வழுக்கி மேலே வந்து சேர்ந்தார். இருவரும் உச்சியை நெருங்கும்போது கரண்ட் போனது.

மெழுகுவத்தி வெளிச்சத்தில் முக்கால் மணி நேரம் அத்தையைப் பற்றிப் பேசினோம். கோன்ட்ராவில் விட்ட இடத்தைச் சேமித்து வைக்கும் வசதி கிடையாது. கரண்ட் வந்ததும் முதல் கட்டத்திலிருந்து ஆரம்பித்தோம்.