கூபர் பீடியில் இரண்டு நாள்

க்ளென்டாம்போவில் பெட்ரோல் போட்டுக்கொண்டால் அடுத்த பங்க்குக்கு 250 கிலோமீட்டர். எதிர்க்காற்றில் கேரவனை இழுத்துக்கொண்டு, பெட்ரோல் முள் மேல் ஒரு கண்ணும் சாலை மேல் ஒரு கண்ணுமாக ஓட்டினேன். அடிலெய்டிலிருந்து கிளம்பி இரண்டாவது நாள் அது. ஊர் வருவதற்கு வெகு முன்பே இருபுறமும் வெள்ளையும் வெளிர்சிவப்புமாகக் கூம்புக் கூம்பாக மண்குவியல்கள் ஆரம்பித்துவிட்டன. “எல்லாம் கரையான் புத்தாப்பா?” என்றாள் மகள். ஓபல் கல் தேடித் தோண்டிய குழிகளிலிருந்து அள்ளிக் கொட்டிய மண் அது. ஓடாதீர்கள், பின்பக்கமாக நடக்காதீர்கள் என்று படம் போட்டுப் பலகை நட்டிருக்கிறார்கள்.

கூபர் பீடியில் வெறும் நிலம் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது. ஆழ்துளையிலிருந்து வரும் உப்புநீரைச் சுத்திகரித்துத்தான் ஊருக்கே தண்ணீர். காசு போட்டால் ஓடும் குழாயில் கேரவன் தொட்டியை நிரப்பும்போது என் மனைவி ஒரு சொட்டைக்கூடச் சிந்தவிடவில்லை. 1915 பிப்ரவரி 1 அன்று, தங்கம் தேடி வந்த குழுவிலிருந்த வில்லி ஹட்சிசன் என்ற 14 வயதுப் பையன் இங்கே ஓபல் கல்லைக் கண்டெடுத்தான். முதல் உலகப் போர் முடிந்து வந்த சிப்பாய்கள் பூமிக்குள் வீடு குடைந்து வாழும் பழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். பதுங்குகுழியில் படுத்துப் பழகிய உடம்புக்கு இது புதிதல்லவே. கோடையில் வெளியே 40 டிகிரியைத் தாண்டும்போதும் உள்ளே 23, 24 டிகிரிதான்.

கேரவன் பார்க்கில் விசாரித்து ஒரு பெரியவரைப் பிடித்தோம். எழுபதைக் கடந்தவர். குரோஷியாவிலிருந்து இளவயதில் வந்து இங்கேயே தங்கிவிட்டவர். தென் ஐரோப்பாவிலிருந்து வந்து மண்ணுக்குள் இறங்கிய எத்தனையோ பேரில் ஒருவர். “பேரெல்லாம் எழுதாதீங்க, வேலையைப் பத்தி எழுதுங்க” என்று சொல்லித்தான் தன் சுரங்கத்துக்குக் கூட்டிப்போனார்.

முதலில் துளைபோடும் லாரியை வைத்து ஒரு மீட்டர் அகலத்துக்குக் கிணறுபோல் இறக்குவார்கள். மேலே வரும் மண்ணைக் கையில் அள்ளிப் பார்க்க வேண்டும். அதில் ‘பாட்ச்’ கிடைத்தால் நம்பிக்கை. பாட்ச் என்றால் நிறமில்லாத ஓபல். அதன் பின்னால் நிறமும் வரலாம், வராமலும் போகலாம். பிறகு கீழே பக்கவாட்டில் குடைந்துகொண்டே போவார்கள். உடைத்த மண்ணை ‘ப்ளோவர்’ லாரி உறிஞ்சி மேலே கொட்டும். பெரிய குழாயும் பெரிய பீப்பாயும் வைத்த ராட்சத வாக்குவம் கிளீனர் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ஏணியில் இறங்கி நின்றோம். தலைவிளக்கு வெளிச்சத்தில் சுவர் முழுக்க இயந்திரப் பல் கீறிய வட்டங்கள். பெரியவர் அந்த மணற்பாறையில் படுக்கைவாட்டில் ஓடிய மெல்லிய கோடு ஒன்றை விரலால் தடவிக்கொண்டே நடந்தார். ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்தது. பின்னாளில் மண்ணில் கசிந்த சிலிக்கா நீர் இடுக்குகளில் தேங்கி, இறுகி, ஓபலானது. கோடுகளைப் படிக்கத் தெரிந்தவருக்கு அது எங்கே தேங்கியிருக்கும் என்று ஓரளவு பிடிபடும். “மெஷின் சத்தத்துல கண்ணாடி நொறுங்கற மாதிரி கேக்கும். உடனே நிறுத்திடணும். அப்புறம் கைக்கொத்துதான்” என்றார். நிறுத்தத் தாமதமான நாள்களின் சில்லுகளை ஒரு பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறார். அதைக் குலுக்கிக் காட்டினார், ஒன்றும் சொல்லவில்லை.

ஓபல் தோண்டுவது லாட்டரி என்று எல்லோரும் சொல்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது பாதி உண்மைகூட இல்லை. இங்கே பெரிய கம்பெனிகள் கிடையாது. ஆளுக்குக் கொஞ்சம் நிலம், இரண்டு மூன்று கூட்டாளிகள், சொந்தக் காசில் வாங்கிய டீசல். ஒரு வருஷம் எதுவும் கிடைக்காவிட்டாலும் அடுத்த நாள் காதைத் தீட்டிக்கொண்டு கீழே இறங்க வேண்டும். இதை அதிர்ஷ்டம் என்று சொன்னால் அந்தக் காதுக்கு மரியாதை இல்லை.

வெளியே குவியல்களைக் கிளறுவதற்கு ‘நூட்லிங்’ என்று பெயர். தோண்டியவர் கண்ணுக்குத் தப்பியதை அடுத்தவர் பொறுக்குவது. இப்படிக் கண்ணுக்குத் தப்பிப் போவது கல் மட்டுமல்ல, சில பெயர்களும்தான். 1946இல் எயிட் மைல் பகுதியில் ஓபலைக் கண்டு புதிய படையெடுப்பையே தொடங்கிவைத்தவர் டோட்டி பிரையன்ட் என்ற பழங்குடிப் பெண். பத்து வருஷம் கழித்து, 1956இல், அதே எயிட் மைலில்தான் 17,000 கேரட் எடையுள்ள ‘ஒலிம்பிக் ஆஸ்திராலிஸ்’ கிடைத்தது. கல்லின் பெயர் எல்லோருக்கும் தெரிகிறது. டோட்டியின் பெயரையும் ஊர் நுழைவில் பெரிதாக எழுதி வைக்கலாம்.

மறுநாள் சாயங்காலம் பெரியவருடைய குகைவீட்டில் சாணை முன்னால் உட்கார்ந்தோம். கட்டைவிரல் நகம் அளவு ஒரு துண்டை அரக்கால் குச்சி நுனியில் ஒட்டினார். சக்கரத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. ஓபலுக்குள்ளேயே தண்ணீர் உண்டு, சூடேறினால் விரிசல் விட்டுவிடும். மேலே சாம்பல்நிற பாட்ச். அதன் கீழே எங்கோ நிறப்பட்டை இருக்கிறது. அது ஒரு மில்லிமீட்டரோ அதைவிடக் குறைவோ. சாயம் எதுவும் அதில் கிடையாது. கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா உருண்டைகள் வரிசை பிசகாமல் அடுக்கியிருப்பதால் வெளிச்சம் பிரிந்து நிறமாகிறது. சின்ன உருண்டை நீலம் காட்டும், பெரிய உருண்டை சிவப்பு வரைக்கும் போகும். சிவப்புக்குத்தான் விலை.

இரண்டு தேய்ப்பு, ஒரு பார்வை. நாக்கில் நனைத்து விளக்கடியில் திருப்பினார். பச்சை ஒரு நொடி வந்து ஒளிந்தது. மீண்டும் இரண்டு தேய்ப்பு. பச்சைக்கு நடுவில் நெருப்புத் துணுக்கு மாதிரி சிவப்பு. என் மகள் மூச்சு விடவில்லை. ஓரத்தில் மட்டும் ஊசிமுனை அளவுக்கு மணல் ஒட்டியிருந்தது.

“தாத்தா, அதையும் எடுத்துடுங்க” என்றாள் தமிழில், மறந்துபோய். நான் மொழிபெயர்த்தேன்.

அவர் கல்லைச் சாய்த்துச் சாய்த்து வெகுநேரம் பார்த்தார். சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு முறை கிட்டே கொண்டுபோய், தொடாமலே திரும்ப எடுத்தார். அப்புறம் மோட்டாரை அணைத்துவிட்டு, மணற்புள்ளியைக் கட்டைவிரலால் துடைத்துப் பார்த்தார்.

“அது இருக்கட்டும்மா” என்றார். பாலிஷ் போடும் தோல்சக்கரத்தை ஈரமாக்கத் தொடங்கினார்.