கொசுவலையும் மீன்வலையும்

கடிக்கும் பூச்சிகளைப் பற்றிப் பேசும்போது நாம் எல்லாவற்றையும் 'கொசு' என்னும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். தமிழ் அவ்வளவு வறிய மொழியன்று. நுளம்பு, உலங்கு, கொசுகு என அகராதிகளில் பல பெயர்கள் கிடக்கின்றன. ஈழத்தவர் இன்றும் கொசுவை நுளம்பு என்றே அழைக்கின்றனர். பெருங்கொசுவைக் குறித்த உலங்கு, அவர்களிடம் 'உலங்கு வானூர்தி'யாக ஹெலிகாப்டரின் பெயருக்குள் ஏறிக்கொண்டது. பெயர்களைக் கைவிட்டதோடு வேறுபாடுகளையும் கைவிட்டோம். எது எப்போது கடிக்கிறது, எங்கே பிறக்கிறது என்ற வேறுபாடு தெரியாமற் போனால் என்ன ஆகும் என்பதைச் சென்ற கோடையில் எங்கள் குடும்பம் கண்டது. கோடை விடுமுறையில் ஏரிக்குத் தூண்டிலோடு செல்லவிருக்கும் மாணவ நண்பர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

என் தாய்மாமன் ஊர் சித்தூருக்கு அருகில் உள்ளது. வீட்டில் தமிழும் தெருவில் தெலுங்கும் வழங்கும் ஊர். 1911-இல் வட ஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் தாலுகாக்களைப் பிரித்துச் சித்தூர் மாவட்டம் அமைத்தபோதும், 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோதும் எல்லைக்கோடுதான் நகர்ந்தது. திண்ணைப் பேச்சு நகரவில்லை. திருப்பதியில் ஆய்வு மேற்கொண்டிருக்கும் நானும், அங்கேயே குடியிருக்கும் அக்காவின் ஒன்பது வயது மகனும் ஒவ்வொரு மே மாதமும் அங்கே செல்வோம். அப்போது ஏரி நீர் வற்றி, மதகையொட்டிய பள்ளத்தில் மட்டும் தேங்கி நிற்கும். கெளுத்தி, விரால், 1952-இல் இந்தியாவுக்கு வந்து பின்னர் நம் நீர்நிலைகளையெல்லாம் நிறைத்துவிட்ட ஜிலேபிக் கெண்டை ஆகியவை அங்கே கிடைக்கும். பெருவலை வீசும் உரிமை குத்தகைதாரருக்கு. தூண்டில் போடும் சிறுவரை யாரும் தடுப்பதில்லை.

அக்கரையில் கடிப்பவை நேரத்துக்கு நேரம் மாறும். காலையில் மாமர நிழலில் அமர்ந்தால் முசிறு என்னும் செவ்வெறும்பு. நண்பகலில் எருமைகள் படுத்திருக்கும் பக்கம் போனால் மாட்டு ஈ; அது தோலை அறுத்து, கசியும் குருதியை நக்குவதால் வலி மிகுதி. அந்தி சாயும்போது ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் வரையே நீளமுள்ள கடிக்கும் சிற்றீக்கள். கொசுவலையின் கண் வழியே கூட இவை நுழைந்துவிடும். இருட்டியபின் கியூலெக்ஸ், அனோபிலிஸ் வகைக் கொசுக்கள். இவற்றுள் கடிப்பவை பெண் கொசுக்களே. முட்டையிட அவற்றுக்குக் குருதி தேவை. நாம் வெளிவிடும் கரியமில வாயு, உடற்சூடு, வியர்வை மணம் ஆகியவற்றைத் தொடர்ந்து வந்து சேர்கின்றன.

மாமாவின் தற்காப்பு முறைகள் எளியவை. கரையின் மேட்டில், காற்று தடையின்றி வீசும் இடத்தில் அமரவேண்டும். கொசு வலிமையற்ற பறவி, நல்ல காற்றை எதிர்த்து அதனால் நிலைத்துப் பறக்க இயலாது. வெளிர்நிறத்தில், முழுக்கை வைத்த, தளர்ந்த சட்டை அணியவேண்டும். தெலுங்கர் 'வாவிலி' என்னும் நொச்சித் தழையை வேப்பிலையோடு சேர்த்துக் காற்று வரும் பக்கத்தில் மூட்டம் போடவேண்டும். இவற்றோடு நான் சேர்த்தது டீட் கலந்த களிம்பு. அமெரிக்கப் படைவீரர்க்காக 1940-களில் உருவான இம்மருந்தைத் துணி மூடாத தோலில் மட்டும் தடவினால் போதும். பிளாஸ்டிக்கை அது கரைக்கும். ஆகவே மூக்குக் கண்ணாடியில் படக்கூடாது. இரையைத் தொடும் விரல்களுக்கும் வேண்டாம்.

மாலைக்கொசுவை எளிதாக எண்ண வேண்டியதில்லை. 1897-இல் விடுப்பில் உதகைக்குச் சென்ற ரொனால்ட் ராஸ், சீகூர்ப் பகுதியில் மலேரியாவை ஆராயப் போய்த் தாமே அக்காய்ச்சலில் விழுந்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 20 அன்றுதான் செகந்திராபாத்தில், அனோபிலிஸ் கொசுவின் வயிற்றில் அந்த ஒட்டுண்ணியைக் கண்டார்.

சென்ற ஆண்டு, நாங்கள் ஊர் சேர்ந்த இரண்டாம் நாள் மாலையில் அக்கா மகனுக்குக் காய்ச்சல் கண்டது. கண்ணுக்குப் பின்னால் வலி என்றான். மூன்றாம் நாள் சித்தூரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். குருதிச் சோதனையில் டெங்கு என்று உறுதியாயிற்று. அடுத்த மூன்று நாட்களும் தட்டணுக்களின் எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வந்தது. காலையும் மாலையும் அந்த ஒற்றை எண்ணுக்காகக் காத்திருப்பது எத்தகையது என்பதை அனுபவித்தவரே அறிவர். ஏழாம் நாள் எண் ஏறத் தொடங்கியது, பிள்ளை பிழைத்தான். ஆனால் அக்கா தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்: "இனிமே அந்த ஏரிப் பக்கமே அவனக் கூட்டிட்டுப் போகாத, தம்பி. உனக்கும் மாமாவுக்கும் மீன்தான் பெருசு." மாமா ஒன்றும் பேசவில்லை. பேரப்பிள்ளையோடு கரையில் அமரும் அந்தப் பதினைந்து நாட்களுக்காகவே ஆண்டு முழுதும் தூண்டில் முள்ளைத் துடைத்து வைத்திருப்பவர் அவர்.

அக்காவின் அச்சம் நியாயமானது. ஆனால் பழி சேர்ந்த இடம் சரியா என்று பார்க்க ஒரு நாள்காட்டி போதும். டெங்குக் கொசு கடித்த நான்கு முதல் பத்து நாட்களுக்குள் காய்ச்சல் தோன்றும். அவனுக்கோ ஏரிக்கரை சேர்ந்த இரண்டாம் நாளே காய்ச்சல். அப்படியானால் அவனைக் கடித்தது ஏரிக்கொசு அன்று, திருப்பதிக் கொசு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி பகலில் கடிப்பது. நம் வீடுகளில், நாம் சேமித்து வைக்கும் தெளிந்த நீரில் பிறப்பது. நெடுந்தூரம் பறக்காது; பிறந்த வீட்டையும் அண்டை வீடுகளையும் சுற்றியே வாழ்ந்து முடிக்கும்.

இதைச் சொன்னபோது அக்கா நம்பவில்லை. ஊர் திரும்பியதும் கைவிளக்கோடு அவள் வீட்டைச் சுற்றிப் பார்த்தோம். குளியலறை வாசலில் அரைமூடி போட்ட நீல நிற டிரம்மில், ஒளி பட்டதும் நெளிந்து அடியில் இறங்கின புழுக்கள். குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டிலும் சில. கோடையில் நீரைச் சேமிக்காமல் நம் ஊர்களில் யாரும் வாழ முடியாது. சேமிக்கும் முறையைத்தான் மாற்றிக்கொள்ள முடியும். முட்டையிலிருந்து முழுக்கொசுவாகப் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குச் சற்று மேல் ஆகிறது. ஆகவே வாரத்துக்கு ஒருமுறை டிரம்மைக் காலிசெய்து, உட்சுவரைத் தேய்த்துக் கழுவவேண்டும். நீர் வற்றினாலும் சுவரில் ஒட்டிய முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். காய்ச்சல் வந்துவிட்டால் ஆஸ்பிரின், இபுபுரோஃபென் போன்றவற்றைத் தாமாக வாங்கி விழுங்கக்கூடாது. குருதிக்கசிவை அவை மிகுவிக்கும்.

இவ்வளவு நீர் கிடந்தும் ஏரி ஏன் புழுக்குளம் ஆகவில்லை? அங்கே மீன் இருக்கிறது. நீர்ப்பரப்பை ஒட்டியே நீந்தும், உச்சந்தலையில் வெள்ளிப் பொட்டு மின்னும் அப்லோகைலஸ் போன்ற நாட்டுச் சிறுமீன்கள் கொசுப் புழுக்களைத் தின்று வாழ்கின்றன. இதே வேலைக்காக 1928-இல் காம்பூசியா என்னும் அயல்மீனை இந்தியாவுக்குக் கொணர்ந்தனர். அது புழுவோடு நாட்டுமீன்களின் குஞ்சுகளையும் தின்றது.

அந்தச் சிறுமீன்களுக்கு இப்போது வேறோர் ஆபத்து. தெலுங்கில் கொசுவலைக்குத் 'தோமதெர' என்று பெயர். கொசுத்திரை என்பது பொருள். மீன்வலை அவர்களுக்கு 'வல'. தமிழிலோ இரண்டும் வலை. எங்கள் ஏரியில் அச்சொல் தன் பொருளைத் தானே தேடிக்கொண்டது: பழைய கொசுவலையை இருவர் இருபுறம் பிடித்து, வற்றிய பள்ளத்தில் இழுக்கின்றனர். மீன்வலையின் கண், பெரியதைப் பிடித்துச் சிறியதை விடுவதற்காக அளந்து பின்னியது. கொசுவலையின் கண் எதையும் விடாது. பொடிமீனும் குஞ்சும் சேர்ந்தே கரையேறும். மருந்து தோய்த்த வலையானால் கேடு இன்னும் மிகுதி. அதிலுள்ள பைரித்ராய்டு மீனுக்குக் கொடிய நஞ்சு. ஆப்பிரிக்க ஏரிகளிலும் இதே வழக்கம் பரவிப் பெரும் விவாதமாகியிருக்கிறது.

சென்ற மே மாதம், காய்ச்சலுக்கு முந்தைய நாள், அப்படி இழுத்துக்கொண்டிருந்த இரு இளைஞரிடம் மாமா சொன்னார்: "பொடிய வாரிட்டா அப்புறம் தண்ணியில என்னடா இருக்கும்? புழுதான் இருக்கும்." அவர்களில் ஒருவன், "இன்னைக்குக் கொழம்புக்கு இதுதான் மாமா" என்றான். அதுவும் உண்மைதான். கூலி வேலையும் இல்லாத கோடையில், ஒரு கைப்பிடிப் பொடிமீன் ஒரு வீட்டின் இரவுணவு. சூழலியல் பேசி அவ்விரவுணவைப் பறிக்க எனக்கு நாவெழவில்லை. மாமா தம்மிடமிருந்த இரண்டு தூண்டில்களை நீட்டினார். ஒருவன் வாங்கிக்கொண்டான், மற்றவன் வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

இவ்வாண்டு அக்கா மகனை அனுப்ப இசைந்திருக்கிறாள். அவள் விதித்த கட்டளைகள் இரண்டு: அந்திக்குள் கரையை விட்டு எழுந்துவிட வேண்டும், புறப்படும் முன் அவள் வீட்டு டிரம்மை நான் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வரவேண்டும். வர விரும்பும் நண்பர்களும் தத்தம் அறை வாளிகளை அவ்வாறே கவிழ்த்துவிட்டு வருக. முழுக்கைச் சட்டை கொண்டு வருக. தூண்டில் மாமாவிடம் இருக்கிறது.