முப்பது ரூபாயும் ஒரு முறையீடும்

முப்பது ரூபாய் பெரிய தொகையன்று. விடுதிக்கு எதிரே இருவர் தேநீரும் சமோசாவும் உண்டால் தீர்ந்துபோகும். அதற்காக ஒருவன் கடிதத்தின்மேல் கடிதம் எழுதினான் என்றால் நண்பர்கள் நகைப்பது இயல்பே. அந்த நகைப்புக்கு விடையாக இதனை எழுதுகிறேன்.

2024-ஆம் ஆண்டு ஒரு மாலை, ஐதராபாத்தில் நம்மவர் பலரும் போய்வரும் வணிக வளாகம் ஒன்றுக்குக் கைப்பேசியைப் பழுதுபார்க்கச் சென்றேன். கடை மூடியிருந்தது; திரும்பிவிட்டேன். ஸ்கூட்டரை நிறுத்திய நேரம் 22 நிமிடமே. ஆனால், வெளிவாயிலில் இருந்த இளைஞர் முப்பது ரூபாய் கேட்டார்.

தெலங்கானா அரசு 2018 மார்ச்சில் பிறப்பித்த ஆணையை நான் முன்பே படித்திருந்தேன். வணிக வளாகங்களில் முதல் 30 நிமிடத்துக்கு நிறுத்தக் கட்டணம் வாங்கலாகாது. அதன்பின் ஒரு மணி நேரம் வரை, பொருள் வாங்கிய ரசீதைக் காட்டினால் கட்டணம் இல்லை. ஒரு மணிக்கு மேற்பட்டால், ரசீதில் உள்ள தொகை கட்டணத்தைவிட மிகுதியாக இருத்தல் வேண்டும்.

எனக்குத் தெரிந்த தெலுங்கில் இதைச் சொன்னேன். "தெரியும் அன்னா. கணினி காட்டும் பணத்தை நான் வாங்காவிட்டால் என் கூலியில் பிடித்துக்கொள்வார்கள்" என்றார் அவர். அவரோடு வாதாடி நான் வென்றால் தோற்பவர் யார்? நாள் முழுதும் புகையில் நிற்கும் அந்த ஏழையன்றோ! பணத்தைக் கொடுத்தேன்; நேரம் அச்சிட்ட ரசீதைக் கேட்டுப் பெற்றேன்.

அன்றிரவே வளாக நிருவாகத்துக்குக் கடிதம் எழுதினேன். நுழைந்த நேரம், வெளிவந்த நேரம், கொடுத்த தொகை, அரசாணை ஆகிய நான்கைத் தவிர வேறொன்றும் அதில் இல்லை. வசைமொழி ஒன்றுகூட இல்லை. இறுதியில் மட்டும், "இதற்காக ஊழியரின் கூலியில் கை வைக்க வேண்டா" என்று ஒரு வரி சேர்த்தேன்.

ஒரு வாரத்தில் விடை வந்தது. இடம் தனியாருடையது, கட்டணம் பலகையில் எழுதப்பட்டுள்ளது, ஆகவே திருப்பித் தர இயலாது! பலகையில் எழுதிவிட்டால் அது சட்டமாகிவிடுமா? டெல்லி நட்சத்திர விடுதி ஒன்றில் ஊழியரிடம் ஒப்படைத்த கார் களவு போன வழக்கில், 2019-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 'உரிமையாளர் பொறுப்பு' என்று சீட்டில் அச்சிட்டதைக் காட்டி, தன் கவனக்குறைவுக்கான பொறுப்பிலிருந்து விடுதி தப்ப முடியாது என்றது. அது வேறு வகை வழக்குத்தான். எனினும், அச்சிட்ட எழுத்தெல்லாம் சட்டமாகாது என்ற துணிவை அது எனக்கு அளித்தது.

இரண்டாம் கடிதத்துக்கு விடையே இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைத்தேன். கட்டணமின்றித் தமிழிலேயே முறையிட முடிந்தது! அது நீதிமன்றம் அன்று. நம் முறையீட்டை நிறுவனத்துக்கு அனுப்பி விடை கேட்கும். அங்கும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நாம் வசிக்கும் ஊரிலேயே அங்கு வழக்கிடலாம். நாம் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் அதற்குக் கட்டணமும் இல்லை.

அதுவரை செல்ல நேரவில்லை. பதினெட்டாம் நாள் முப்பது ரூபாய் என் வங்கிக் கணக்கில் சேர்ந்தது. அடுத்த மாதம் அவ்வழியே சென்றபோது, முதல் 30 நிமிடம் இலவசம் என்ற புதிய பலகையைக் கண்டேன். அந்த இளைஞரும் இருந்தார். "கூலியில் பிடித்தார்களா?" என்று கேட்டேன். "இல்லை அன்னா, இப்போது கணினியே கேட்பதில்லை" என்று சிரித்தார்.

நண்பர்களே, நாளொன்றுக்கு நூறு பேரிடம் முப்பது ரூபாய் வாங்கினால் மூவாயிரம் ஆகிறது. ஒவ்வொருவரும் "சிறு தொகைதானே" என்று போய்விடுவதே அதற்கு முதல். ஆதலின் சீட்டை எறியாதீர்கள், ரசீதைக் கேளுங்கள். வாயிலில் நிற்பவரிடம் சினம் கொள்ளாமல், கணக்கை எழுதியவரிடம் கணக்குக் கேளுங்கள்.