ஆனந்த பவனத்திலே

காசி யாத்திரை செல்லும் நம்மவர்கள், இராமேசுவரத்து மணலைத் திரிவேணியில் கரைத்துவிட்டுக் கங்கைச் சொம்புகளுடன் கரையேறியதும், வண்டிக்காரன் கேளாமலே அவர்களை ஒரு வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறான். அது கோயில் அன்று. ஆயினும் அதைப் பாராமல் திரும்பினால் யாத்திரையில் ஏதோ குறைந்துவிட்டதாகவே பலர் எண்ணுகிறார்கள். நாமும் அப்படியே நிறுத்தப்பட்டோம். அலகாபாத் என்னும் ஊர்ப்பெயர் 2018-இல் பிரயாக்ராஜ் என்று மாறியது. ஆனந்த பவனம் என்பதும் ஒரு முறை இடம் மாறிய பெயர்தான். அந்தக் கதையை அறியாமல் உள்ளே நுழைந்தால், பெரிய மனிதர் வீட்டு நாற்காலிகளைப் பார்த்த பலனே மிஞ்சும்.

இங்கே உள்ளவை இரண்டு மாளிகைகள். முதலாவதில் பண்டித மோதிலால் நேரு குடியேறியபோது, ஜவாஹர்லாலுக்கு வயது பத்து. வக்கீல் தொழிலில் பணம் மழையாகப் பொழிந்த காலம். மின்சார விளக்கு ஊருக்கே புதுமையாக இருந்தபோது அந்த வீட்டில் அது எரிந்தது; பெரிய தோட்டமும் நீச்சல் குளமும் இருந்தன. மாலையில் நண்பர்கள் குளத்தில் கூடுவார்களாம். பிற்காலத்தில் பெரும் புகழ் பெற்ற தேஜ் பகதூர் ஸப்ரூ முதற் படியிலேயே உட்கார்ந்துகொண்டு, யாரேனும் கீழே இழுத்தால் கூச்சலிடுவாராம். மோதிலாலோ பல்லைக் கடித்துக்கொண்டு ஒருவாறு மறுகரை சேர்வாராம். இவற்றையெல்லாம் ஜவாஹர்லால் தம் சுயசரிதையில் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார். இந்த வீட்டுத் துணிகள் சலவைக்குப் பாரிஸ் நகரம் சென்றுவந்தன என்ற கதையை அவர் அதே நூலில் மறுத்தும் இருக்கிறார். ஆனால் பொய்க்கு ஆயுள் கெட்டி. நம் பக்கத்தில் நின்ற ஒருவர் தம் குழந்தைகளுக்கு அதைத்தான் விளக்கிக்கொண்டிருந்தார்.

ஒத்துழையாமை இயக்கம் வந்தது. மோதிலால் தொழிலை விட்டார், குதிரைகளும் கோச்சு வண்டிகளும் விலைக்குப் போயின, கதர் புகுந்தது. 1921 டிசம்பரில் தந்தையும் மகனும் ஒரே நாளில் கைதானார்கள். அபராதம் கட்டுவது காங்கிரஸின் வழக்கம் அன்று. ஆகையால் போலீஸார் நாள்தோறும் வந்து தட்டுமுட்டுச் சாமான்களை ஜப்தி செய்துகொண்டு போனார்கள். வீட்டிலிருந்த நாலு வயதுக் குழந்தை இந்திரா மட்டும் அவர்களை எதிர்த்துச் சண்டை பிடித்தாளாம்.

1930-ஆம் ஆண்டில் மோதிலால் அந்தப் பழைய மாளிகையைக் காங்கிரஸுக்கே தானமாகக் கொடுத்தார். அதற்கு ஸ்வராஜ்ய பவனம் என்று பெயராயிற்று. பழைய பெயர், பக்கத்தில் புதிதாகக் கட்டியிருந்த வீட்டுக்குக் குடிபெயர்ந்தது. தானம் கொடுத்த வீடாவது சும்மா இருந்ததா? அதன் ஒரு பகுதியில் காயமுற்ற தொண்டர்களுக்காக ஆஸ்பத்திரி நடந்தது; கமலா நேரு அதற்காக உழைத்தார். 1932-இல் சர்க்கார் கட்டடத்தையே பறிமுதல் செய்துகொண்டது.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டே வந்த, நம் கோஷ்டியைச் சேர்ந்த முதிய அம்மையார் ஒருவர், "வீட்டையே கொடுத்துவிட்டு அவர்கள் எங்கே போய் இருந்தார்கள், தம்பி?" என்றார்.

"இதோ, இந்த வீட்டில்தான், அம்மா."

"இதையும் அல்லவா நாலு பேர் பார்க்க விட்டுவிட்டார்கள்!"

ஆம். 1970-இல் இந்திரா காந்தி இதையும் ஜவாஹர்லால் நேரு ஞாபகார்த்த நிதிக்கு அளித்துவிட்டார். மறு ஆண்டிலிருந்து இது பொருட்காட்சி சாலை. தூண்கள் சூழ்ந்த தாழ்வாரத்தில் நடந்தபடி, கண்ணாடிக்கு அப்பால் காந்தியடிகள் தங்கிய அறை, ஜவாஹர்லாலின் புத்தக அலமாரிகள், காரியக் கமிட்டி கூடிய அறை ஆகியவற்றைக் காணலாம். கமிட்டி அறையின்முன் நமக்கு ராஜாஜியின் நினைவு வராமற் போகவில்லை. முஸ்லிம் லீகின் பிரிவினைக் கோரிக்கையை ஏற்கலாம் என்ற அவருடைய தீர்மானத்தை, 1942 மே மாதத்தில் இதே ஊரில் கூடிய அகில இந்தியக் காங்கிரஸ் கமிட்டி 120-க்கு 15 என்ற வாக்கில் தள்ளிவிட்டது. தோற்றவரின் பேரில் நமக்கிருக்கும் அபிமானத்தை நேயர்கள் மன்னிப்பார்களாக.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். நாம் சென்ற அன்று கூட்டமெல்லாம் இந்தப் புதிய வீட்டில்தான் நெருக்கியது. ஸ்வராஜ்ய பவனத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே இருந்தார்கள். கண்ணாடிக்குள் கட்டிலும் மேஜையும் இருந்தால் மக்கள் நிற்கிறார்கள். வெறும் கூடத்தின்முன் யார் நிற்பார்? ஆனால் ஜப்தியில் போன சாமான்களை எந்தக் கண்ணாடிக்குள் வைப்பது? போனதையும் கொடுத்ததையும் எடுத்துச் சொல்ல, சுவரில் தொங்கும் சிறு குறிப்பு போதாது. விவரமறிந்த ஒருவர் கூட்டத்தை முதலில் பழைய வீட்டுக்கு அழைத்துச் சென்று, பிறகு இங்கே கொண்டுவருவது நலம் என்று தோன்றுகிறது.

தோட்டத்துக்கு வந்தோம். 1942 மார்ச் 26-இல், தந்தை சிறையில் நூற்ற நூலால் நெய்த சேலையை உடுத்தி இந்திரா மணம் புரிந்தது இந்த வீட்டில்தான். 1964 ஜூன் மாதத்தில் ஜவாஹர்லாலின் அஸ்திக் கலசம் டில்லியிலிருந்து ரெயிலில் வந்து, இந்த வீட்டை ஒரு முறை தொட்டுவிட்டுத்தான் திரிவேணிக்குப் போயிற்று. தம் சாம்பலில் ஒரு பிடியைப் பிரயாகையின் கங்கையில் இடவேண்டும், அதற்கு மத சம்பந்தமான பொருள் எதுவும் இல்லை, மற்றதை உழவர்களின் வயல்களில் ஆகாயத்திலிருந்து தூவுக என்று அவர் உயிலில் எழுதியிருந்தார்.

இதையும் அம்மையாருக்குச் சொன்னோம். அவர் பதில் பேசவில்லை. கங்கைச் சொம்பை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிக்கொண்டு, புல்தரையின் ஓரத்தில் சிறிது நேரம் நின்றார். வாசலில் வண்டிக்காரன் கூப்பிட்டான்.