மாத்திரையும் கோபுரமும்

ஹற்றனை அடுத்த எமது தோட்டத்தில், லயங்களுக்கு மேலுள்ள குன்றில் கைத்தொலைபேசிக் கோபுரம் எழுந்த ஆண்டிலேயே பெரியம்மாவுக்கு வலிப்பு மீண்டும் வரத் தொடங்கியது. பினோபாபிற்றோன் மாத்திரையால் நெடுங்காலம் அடங்கியிருந்த நோய் அது. "டவர் வந்ததுலேருந்து மாத்திரைக்குக் கேக்க மாட்டேங்குது தம்பி" என்றார். விடுமுறைக்குச் சென்றிருந்த நான் சிரித்தேன். அவர் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

சில மாதங்களின் பின், நூலகத்தில் ஓர் ஆய்வு என் கண்ணிற்பட்டது. 1979இல் 'சயன்ஸ்' இதழில் தோமஸ் என்பாரும் வேறிருவரும் எழுதியது. பதற்றந் தணிக்கும் குளோர்டயசெபொக்சைட் என்னும் மருந்தை எலிகளுக்குக் கொடுத்து, சதுர சென்ரிமீற்றருக்கு 1 மில்லிவாற்று வலுவுள்ள நுண்ணலையில் வைத்தனர். அலை தனித்து எலிகளின் நடத்தையை மாற்றவில்லை. மருந்தோடு சேர்ந்தபோது மருந்தின் விளைவை மிகுவித்தது. 1983இல் அமெரிக்காவின் ஹென்றி லாய் குழுவினர் எலிகளை 45 நிமிடம் நுண்ணலைக்கு உட்படுத்தியபின் மருந்தேற்றினர். மோர்பினால் வரும் விறைப்பு கூடிற்று. அம்பெற்றமினால் ஏறும் உடல்வெப்பமோ குறைந்தது.

வெட்கினேன். நான் நகைத்தது ஆய்வுகூடங்கள் கேட்ட அதே வினாவை.

எனினும் விடை அளவிலே தங்கியுள்ளது. தோமஸ் பயன்படுத்திய வலு, 2000 மெகாஹேட்சுக்கு மேற்பட்ட அலைகளுக்கெனப் பொதுமக்களுக்கு இன்று விதிக்கப்படும் சர்வதேச எல்லைக்குச் சமமானது. பொதுவிடங்களில் கோபுரங்களிலிருந்து மக்களைச் சேர்வது, உலக சுகாதார நிறுவனம் 2006இல் தெரிவித்தபடி, அத்தகைய எல்லைகளின் 0.002 முதல் 2 சதவீதமே. கோபுரத்தைக் குற்றவாளியாக்க இச்சான்று போதாது. அவ்வாறாயின் வலிப்பு ஏன் திரும்பியது?

அடுத்த விடுமுறையிலேதான் கேட்டேன்: "மாத்திரைய எப்படிப் போடுறீங்க பெரியம்மா?"

"பாதிதான் தம்பி. முழுசாப் போட்டா காலையில மலையில கண்ணு சொக்குது. கூடையோட சரிஞ்சிட்டா?"

அம்மருந்து உறக்கந் தருவது. எமது மலையோ செங்குத்தானது. கொழுந்தின் நிறை குறைந்தால் கூலியும் குறையும். சரிந்து விழாதிருக்கவும் கூலியை இழக்காதிருக்கவும் அவர் தாமே மருந்தளவைப் பாதியாக்கியிருந்தார். மருத்துவரிடம் அழைத்துச் சென்று இதனைச் சொன்னேன். அவர் மருந்தை மாற்றினார். வலிப்பு அடங்கியது.

ஆய்வுகூடத்தில் எலிக்கு ஏற்றும் அளவை ஆய்வாளரே நிறுத்துப் பதிவுசெய்வார். லயத்து அறையில் அந்த அளவை அறிந்தவர் பெரியம்மா ஒருவரே. முதல் விடுமுறையில் நான் சிரியாமல் கேட்டிருந்தால், இடைப்பட்ட மாதங்களின் வலிப்புகள் அவருக்கு நேர்ந்திரா.